பத்து ஜிகாபிட் ஃபயர்வால், ஒரு ஜிகாபிட் லைனில் திணறுவது ஏன்?

வாசகர் கடிதம், சுருக்கமாக:

ஓசூரில் குடியிருந்துகொண்டு பெங்களூரு பொம்மனஹள்ளிக்குத் தினமும் வேலைக்கு வந்துபோகிறவர் எழுதியிருக்கிறார். வயது 34. மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்காக அழைப்பு மையம் நடத்தும் தனியார் நிறுவனத்தில் நெட்வொர்க் பொறுப்பு முழுவதும் இவர் தலையில். காலை நெரிசலில் ஒரே நேரத்தில் 300 பேர் வரை பேசிக்கொண்டிருக்கிறார்கள். மும்பையில் உள்ள வாடிக்கையாளரின் டேட்டா சென்டரோடு இணைப்பது ஒரே ஒரு விபிஎன் டன்னல், அதாவது இணையத்தின் வழியே போகும் பூட்டிய பாதை.

ஒன்பது மாதங்களுக்கு முன் இவருடைய பரிந்துரையின் பேரில் ஒன்பது லட்ச ரூபாய்க்கு ஃபயர்வால் (வந்துபோகும் தரவை ஆய்ந்து அனுமதிக்கும் பெட்டி) வாங்கினார்கள். அதன் திறனைச் சொல்லும் விவரத்தாளான டேட்டா ஷீட்டில் 10 ஜிகாபிட் என்று இருந்தது. லைன் ஒரு ஜிகாபிட்தான். "பத்து மடங்கு திறன் இருக்கிறது, ஐந்து வருடத்துக்குக் கவலை இல்லை" என்று மேலாளருக்கு மின்னஞ்சலும் அனுப்பியிருக்கிறார். இப்போது காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டரை வரை குரல் வெட்டுகிறது, திரைகள் உறைந்து நிற்கின்றன. லைன் கொடுத்த நிறுவனம் தன் பக்கம் கோளாறு இல்லை என்கிறது. ஸ்பீட் டெஸ்ட் 900 மெகாபிட்டுக்கு மேல் காட்டுகிறது. ஃபயர்வாலின் சிபியு 35 சதவீதத்தைத் தாண்டவில்லை. விற்றவரோ 14 லட்ச ரூபாய்க்கு அடுத்த மாடலை வாங்கச் சொல்கிறார். "நீதானே தேர்ந்தெடுத்தாய், உன் சம்பளத்தில் பிடித்தால் என்ன?" என்று மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டாராம்.

"ஐயா, டேட்டா ஷீட்டில் பொய் சொன்னவர்கள்மீது வழக்குப் போட முடியுமா? பெரிய மாடல் வாங்கலாமா, இல்லை பெங்களூரு எஸ்.பி. ரோடு மின்னணுச் சந்தையில் பழைய சர்வர் வாங்கி ஓப்பன் சோர்ஸ் ஃபயர்வால் போட்டுவிடலாமா? தற்காலிகமாகப் பாதுகாப்பு ஆய்வை அணைத்துவைக்கலாமா? சம்பளத்தில் கை வைக்க அவர்களுக்கு உரிமை உண்டா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

தொழில்நுட்பக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளிந்தால்தான் மேலாளரிடம் என்ன பேசுவது, விற்றவரிடம் என்ன கேட்பது என்பது தெளியும்.

நீங்கள் அனுப்பிய மூன்று திரைப்பிடிப்புகளில் (ஸ்கிரீன்ஷாட்) முதலாவதை, அதாவது சிபியு 35 சதவீதம் என்பதை, பெரிதாக்கிச் சிவப்பில் வட்டமும் போட்டிருக்கிறீர்கள். மூன்றாவதை "தேவைப்பட்டால் பார்க்கவும்" என்று விட்டுவிட்டீர்கள். விஷயம் மூன்றாவதில்தான் இருக்கிறது. காலை 10:47-க்கு எடுத்த அந்தப் பட்டியலில் சிபியுவின் எட்டுக் கோர்களும் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) தனித்தனியாக வருகின்றன. ஏழு கோர்கள் 24-க்கும் 28-க்கும் இடையில் ஓடுகின்றன. ஐந்தாவது மட்டும் 98. எட்டையும் கூட்டி வகுத்தால் உங்கள் 35 வந்துவிடும். கணக்கு சரி, ஆனால் உங்கள் அழைப்புகள் அத்தனையும் மாட்டிக்கொண்டிருப்பது அந்த ஐந்தாவது கோரில் என்றே நினைக்கிறேன்.

பல கோர்கள் உள்ள ஃபயர்வாலும் ரௌட்டரும் வேலையைப் பெரும்பாலும் இப்படித்தான் பிரிக்கின்றன. பாக்கெட்டின் (தரவை வெட்டி அனுப்பும் துண்டு) அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, போர்ட் எண்கள் இவற்றை வைத்து ஒரு கணக்குப் போட்டு, இந்த இணைப்பு இந்தக் கோருக்கு என்று ஒதுக்கிவிடும். பாக்கெட்டுகள் முன்பின்னாக மாறிவிடக் கூடாது என்பதற்காக, அந்த இணைப்பு முடியும்வரை வேறு கோருக்கு மாற்றாது. ஆயிரக்கணக்கான சிறு இணைப்புகள் என்றால் வேலை தானாகப் பரவிவிடும். உங்கள் விபிஎன் பயன்படுத்தும் ஐபிசெக் டன்னல் கதை வேறு. உள்ளே 300 அழைப்புகள் இருந்தாலும் வெளியிலிருந்து பார்த்தால் தெரிவது இரண்டே இரண்டு முகவரிகள். ஐபிசெக் பூட்டி அனுப்பும் ஈஎஸ்பி பாக்கெட்டில் போர்ட் எண்ணே கிடையாது. ஆகவே பல மாடல்களில் மொத்த டன்னலும் ஒரே இணைப்பாகக் கணக்காகி ஒரே கோரின் தலையில் விழுகிறது. மற்ற ஏழும் சும்மா இருந்தாலும் உதவிக்கு வராது.

"அரை மணிக்கொரு முறை ரெக்கார்டிங் கோப்புகளும் அதே டன்னலில் போகும்" என்று கடிதத்தின் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். என் சந்தேகம் அந்த வரியின் மேல்தான். கோப்பு அனுப்பும் விதிமுறையான டிசிபி, எங்காவது பாக்கெட் தொலையும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும் சுபாவம் கொண்டது. தொலைந்தால் அதற்கு நஷ்டமில்லை, மறுபடி அனுப்பிக்கொள்ளும். குரலுக்கு அந்த வசதி கிடையாது. தாமதமாக வரும் அசையை யாரும் கேட்கப் போவதில்லை. பத்தரைக்கு முன்பும் கோப்புகள் போகத்தான் செய்கின்றன. அப்போது பேசுகிறவர்கள் குறைவு, கோரில் இடம் இருக்கிறது.

ஸ்பீட் டெஸ்ட் இதைக் காட்டாது. அது நாலைந்து பெரிய இணைப்புகளில் பெரிய பாக்கெட்டுகளை அனுப்பிப் பார்க்கிறது. அதுவும் டன்னலுக்கு வெளியே. லைன் கொடுத்தவர் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும், அவரை விட்டுவிடுங்கள்.

டேட்டா ஷீட்டின் 10 ஜிகாபிட்

பொய் என்று எழுதியிருக்கிறீர்கள். பொய் இல்லை, ஆனால் உங்களுக்குப் பயன்படாத உண்மை. அந்தத் தாளின் அடிக்குறிப்பைப் பாருங்கள்: 1518 பைட் யுடிபி (தொலைந்தால் மறுபடி அனுப்பாத எளிய விதிமுறை) பாக்கெட்டுகளை வைத்து, பாதுகாப்பு ஆய்வு எதையும் இயக்காமல் அளந்தது என்று பொடி எழுத்தில் இருக்கிறது. இரண்டு திசைகளையும் கூட்டி ஒரே எண்ணாகப் போடும் நிறுவனங்களும் உண்டு.

ஃபயர்வாலுக்கு வேலை பைட் கணக்கில் வருவதைவிடப் பாக்கெட் கணக்கில்தான் அதிகம் வருகிறது. உங்கள் வழியில் உள்ள அத்திப்பள்ளி சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் படிக்க ஆகும் நேரம், ஐம்பது பேர் ஏறிய பஸ்ஸுக்கும் ஒருவர் ஓட்டிவரும் காருக்கும் ஒன்றுதான். எத்தனை பேர் கடந்தார்கள் என்ற எண்ணைப் பஸ்களை மட்டும் விட்டு எடுத்தால் அமோகமாக வரும். கணக்கைப் பாருங்கள்: ஒரு ஜிகாபிட் லைனை 1518 பைட் பாக்கெட்டுகளால் நிரப்ப நொடிக்கு 81,274 போதும். ஈதர்நெட்டின் மிகச்சிறிய அளவான 64 பைட்டால் நிரப்பினால் 14,88,095 வேண்டும். பெரிய பாக்கெட்டில் 10 ஜிகாபிட் கடத்திக் காட்டிய பெட்டி நிரூபித்திருப்பது நொடிக்கு ஏறத்தாழ 8,13,000 பாக்கெட். அதாவது, மிகச்சிறிய பாக்கெட்டுகளால் நிரம்பிய ஒரே ஒரு ஜிகாபிட் லைனைத் தாங்கும் என்றுகூட அந்தச் சோதனை சொல்லவில்லை.

உங்கள் அலுவலகத்தில் ஓடுவது பெரும்பாலும் சிறு பாக்கெட். ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் ஓர் அழைப்பு, ஒரு திசையில் நொடிக்கு 50 பாக்கெட் அனுப்பும். ஒவ்வொன்றும் தலைப்புகளோடு சேர்த்து 200 பைட். 300 அழைப்புகளுக்கு இரு திசையிலும் சேர்த்து நொடிக்கு 30,000 பாக்கெட். மெகாபிட்டில் பார்த்தால், டன்னல் உறையையும் சேர்த்து, ஒரு திசைக்கு 35-ஐத் தாண்டாது. லைனில் 4 சதவீதம்கூட இல்லை. மேலாளர் வரைபடத்தைப் பார்த்து "லைன் காலியாகத்தானே இருக்கிறது" என்று கேட்பதற்குக் காரணம் இதுதான். அந்த 30,000 பாக்கெட்டையும் ஒவ்வொன்றாகப் பூட்டவும் திறக்கவும் வேண்டும். நீங்கள் எல்லா விதிகளிலும் ஊடுருவல் தடுப்பையும் இயக்கியிருப்பதால், துருவிப் பார்க்கவும் வேண்டும்.

அதே தாளில் கீழே இரண்டு வரிகள் உள்ளன: அச்சுறுத்தல் பாதுகாப்போடு 1.1 ஜிகாபிட், என்கிரிப்ட் செய்த போக்குவரத்தைத் திறந்து பார்க்கும் எஸ்எஸ்எல் ஆய்வோடு 800 மெகாபிட். வாங்கும் அன்று பார்த்திருக்க வேண்டியவை இவை. இவற்றையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஆய்வுக்கு எந்தக் கோப்பு அளவு, தாக்குதலை அடையாளம் காண எத்தனை கையெழுத்து விதிகள், பதிவேடு (லாக்) எழுதினார்களா இல்லையா என்பதைப் பொறுத்து இவையும் இறங்கும். நொடிக்கு எத்தனை புதிய செஷன் என்ற எண் தனி. ஷிஃப்ட் தொடங்கும் நேரத்தில் எல்லோரும் ஒருசேர லாகின் செய்யும்போது முதலில் மூச்சு வாங்குவது அங்கேதான்.

செலவில்லாமல் இந்த வாரமே செய்யக்கூடியவை

வாடிக்கையாளரின் அனுமதியோடு, ஒரு நாள் மட்டும் பத்தரை முதல் பன்னிரண்டரை வரை ரெக்கார்டிங் அனுப்புவதை நிறுத்திவையுங்கள். ஒப்பந்தத்தில் எத்தனை மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும் என்று இருக்கிறதா என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். குரல் வெட்டுவது நின்று, ஐந்தாவது கோரும் இறங்கினால், உங்கள் சிக்கலில் பாதி தீர்ந்தது. குறையவில்லை என்றால் என் சந்தேகம் தவறு. அப்போது கோர்வாரியான கணக்கை நொடிக்கு நொடி எடுத்து, பாக்கெட் தொலையும் இடத்தைப் பெட்டியின் கவுன்ட்டர்களில் தேடுங்கள். ஐந்து நிமிடச் சராசரி வரைபடத்தை இதற்கு நம்பவே கூடாது. உள்பக்கம் 10 ஜிகாபிட் போர்ட், வெளிப்பக்கம் ஒரு ஜிகாபிட் என்றால், முழு வேகத்தில் வரும் ஒரு வெள்ளம் ஒரு மெகாபைட் பஃபரை (பாக்கெட்டுகள் காத்திருக்கும் இடம்) ஒரு மில்லி நொடிக்குள் நிரப்பிவிடும். ஐந்து நிமிட வரைபடத்தில் அது ஒரு புள்ளியாகக்கூடத் தெரியாது.

நிரந்தரமாக என்ன செய்யலாம்? ரெக்கார்டிங்குகளை மாலைக்கோ இரவுக்கோ தள்ளுவது முதல் வழி. முடியாது என்றால் வேக வரம்பு வையுங்கள். ஆனால் ஃபயர்வாலில் வேண்டாம், கோப்பு அனுப்பும் சர்வரில் வையுங்கள். ஆர்சிங்க் போன்ற கோப்பு அனுப்பும் கருவிகளில் இது ஒற்றை அமைப்பு. வேக வரம்பு வைக்கும் டிராஃபிக் ஷேப்பிங்கை ஃபயர்வாலில் இயக்கினால், சில மாடல்களில் அந்த இணைப்பு வன்பொருளின் வேகப் பாதையை விட்டுச் சிபியு பாதைக்கு வந்துவிடும். நோய்க்குக் கொடுத்த மருந்தே நோயைக் கூட்டும்.

அடுத்தது டன்னலைப் பிரிப்பது. குரலுக்கு ஒன்று, கோப்புக்கு ஒன்று, இரண்டுக்கும் வேறு வேறு பொது முகவரி. இதற்கு மும்பைப் பக்கத்தின் ஒத்துழைப்பு வேண்டும், கேட்டுப் பெறுங்கள். இரண்டும் ஒரே கோரில் விழாமல் இருக்கிறதா என்பதை மாற்றிய பிறகு பார்த்து உறுதிசெய்யவும் வேண்டும்.

மூன்றாவது, எம்எஸ்எஸ் அளவு, அதாவது ஒரு டிசிபி பாக்கெட்டில் ஏற்றும் தரவின் உச்ச அளவு. 1500 பைட் பாக்கெட்டுக்கு ஐபிசெக் உறை ஐம்பது அறுபது பைட்டைக் கூட்டுகிறது. லைனில் 1500-க்கு மேல் இடமில்லை என்பதால் ஒவ்வொரு கோப்புப் பாக்கெட்டும் இரண்டாக உடையலாம். பாக்கெட் எண்ணிக்கை இரட்டிப்பாகும். டன்னலில் எம்எஸ்எஸ் அளவை 1350 அளவுக்குக் குறைத்தால் இந்த உடைப்பு நின்றுவிடும். இதையெல்லாம் செய்யும்போது சிப் ஏஎல்ஜி (இணைய அழைப்புகளின் பாக்கெட்டுகளை ஃபயர்வால் திருத்தும் வசதி) இயங்குகிறதா என்றும் பார்த்து, தேவையில்லை என்றால் அணைத்துவிடுங்கள். அழைப்பு மையங்களில் அதனால் வந்த தலைவலி கொஞ்சமல்ல.

ஆய்வை அணைக்கலாமா?

மொத்தமாக அணைக்க வேண்டாம். நோயாளிகளின் விவரங்கள் புழங்கும் இடம் இது. ஏதாவது நடந்துவிட்டால், அணைத்தது யார் என்ற கேள்விக்கும் உங்கள் பெயர்தான் பதிலாக வரும். ஆனால் எல்லாவற்றையும் ஆய்வு செய்ய வேண்டும் என்பதும் இல்லை. மும்பையில் உள்ள குறிப்பிட்ட முகவரிகளுக்குக் குறிப்பிட்ட போர்ட்டுகளில் போகும் குரலுக்கு மட்டும், நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு, ஊடுருவல் தடுப்பிலிருந்து விலக்குக் கொடுக்கலாம். என்கிரிப்ட் செய்த குரலுக்குள் ஃபயர்வால் எதையும் பார்க்கப்போவதில்லை, வெறுமனே சிபியு எரியும்.

பதிவேடுகளையும் நிறுத்திவிட்டால் வேகம் கூடுமே என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். பாதுகாப்புச் சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் வேண்டும். பெட்டிக்குள்ளேயே எழுதுவது சுமை என்றால் தனி பதிவேட்டு சர்வருக்கு அனுப்புங்கள்.

பெரிய மாடலா, பழைய சர்வரா?

14 லட்ச ரூபாய் மாடலில் கோர் எட்டுக்குப் பதில் பதினாறு என்று எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு கோரின் வேகமும் ஏறத்தாழ இப்போதுள்ளதே. அப்படியென்றால் பதினாறில் ஒன்று 98-இல் நிற்கும், பதினைந்து வேடிக்கை பார்க்கும். சராசரி இன்னும் அழகாகத் தெரியும். விற்றவரிடம் ஒரே கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: "ஒற்றை ஐபிசெக் டன்னலில், 200 பைட் பாக்கெட்டில், ஊடுருவல் தடுப்போடு நொடிக்கு எத்தனை பாக்கெட்?" பதில் எழுத்தில் வந்தால் மேற்கொண்டு பேசலாம். டேட்டா ஷீட்டையே திரும்ப அனுப்பினால் அதுவும் ஒரு பதில்தான்.

வாங்கத்தான் வேண்டும் என்று முடிவானால், டெமோ பெட்டியை இரண்டு வாரமாவது உங்கள் அலுவலகத்திலேயே, உங்கள் விதிகளோடு ஓட்டிப் பார்த்த பிறகு வாங்குங்கள். கொள்முதல் ஆணையில் "ஆர்எஃப்சி 9411 முறைப்படி, பாதுகாப்பு அம்சங்கள் இயங்கும் நிலையில்" என்று சேர்க்கச் சொல்லுங்கள். 2023-இல் வந்த இந்த இணையத் தொழில்நுட்ப ஆவணம், பாதுகாப்புக் கருவிகளை நிஜமான வலைப் போக்குவரத்தை ஒத்த சுமையில் அளக்கும் முறையை வகுக்கிறது. பலர் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும் ஆர்எஃப்சி 2544, 1999-ஆம் ஆண்டுச் சரக்கு. ரௌட்டருக்கும் சுவிட்சுக்கும் அது போதும்.

எஸ்.பி. ரோட்டுச் சர்வரை முக்கிய ஃபயர்வாலாகப் போடுவதை நான் ஆதரிக்கவில்லை. வேகத்தில் குறை வரும் என்பதால் அல்ல. நல்ல கார்டு போட்டால் அது உங்கள் பெட்டியை முந்தவும் கூடும். இரவு இரண்டு மணிக்குப் படுத்துவிட்டால் ஓசூரிலிருந்து ஓடிவர வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான் என்பதால். அதே சர்வரை வேறொன்றுக்கு வாங்கலாம்: சிஸ்கோ இலவசமாக வெளியிட்டிருக்கும் டிரெக்ஸ் என்ற போக்குவரத்து உருவாக்கியை அதில் நிறுவி, வரும் பெட்டிகளுக்கெல்லாம் நீங்களே பரீட்சை வையுங்கள். மேலாளரிடம் சில ஆயிரம் ரூபாய் கேட்பதும் எளிது.

வழக்கும் சம்பளமும்

நான் வழக்கறிஞன் அல்லன். கொள்முதல் தகராறுகளில் நிறுவனங்களுக்குத் தொழில்நுட்ப அறிக்கை எழுதிக் கொடுத்த பழக்கத்தில் சொல்கிறேன். நுகர்வோர் நீதிமன்றம் இதற்கு உதவாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காக வாங்கியவரை நுகர்வோராகக் கருதுவதில்லை. இருப்பது 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு: என்ன தேவைக்கு வாங்குகிறோம் என்று விற்பவரிடம் சொல்லி, அவருடைய தொழில் அறிவை நம்பி வாங்கியிருந்தால், பொருள் அந்தத் தேவைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஆகவே "300 அழைப்புகள், ஒரே விபிஎன், எல்லா ஆய்வும் இயக்கத்தில்" என்று வாங்குவதற்கு முன் நீங்கள் எழுதிய மின்னஞ்சல் இருக்கிறதா? இருந்தால் நிறுவனத்தின் கை ஓங்கியிருக்கிறது. "10 ஜிகாபிட் மாடலுக்கு விலை சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டிருந்தால் பிடி கிடைப்பது கடினம். மூன்று லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட வணிகத் தகராறு என்பதால், அவசர நிவாரணம் கேட்டாலொழிய, வழக்குக்கு முன் சமரசப் பேச்சைக் கடந்துதான் ஆக வேண்டும். வழக்குப் போட வேண்டியதும் நிறுவனம்தான், நீங்கள் இல்லை. என்னைக் கேட்டால், பழைய பெட்டியை மாற்றாகக் கொடுத்து விலையில் கழிவு கேட்பதும், டன்னல் பிரிப்பு வேலையை அவர்கள் செலவிலேயே செய்யச் சொல்வதும் இதைவிடச் சீக்கிரம் பலன் தரும்.

சம்பள விஷயத்தில் பயம் வேண்டாம், அசட்டையும் வேண்டாம். ஊழியரிடம் ஒப்படைத்த பொருளோ, அவர் கணக்குக் காட்ட வேண்டிய பணமோ, அவருடைய கவனக்குறைவால் நேரடியாக இழப்பானால்தான் ஊதியச் சட்டம் பிடித்தத்துக்கு இடம் தருகிறது. அப்போதும் விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகே. மேலாளரும் கையெழுத்திட்ட கொள்முதலில், இன்றும் இயங்கிக்கொண்டிருக்கும் பெட்டிக்கு அது எப்படிப் பொருந்தும் என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

"பத்து மடங்கு" மின்னஞ்சலை அழிக்கலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். தொடாதீர்கள். அதற்குப் பதிலாக, கோர்வாரிப் பட்டியல், ரெக்கார்டிங் நிறுத்திய நாளின் முடிவு, விற்றவரிடம் கேட்ட கேள்வி, அவர் தந்த பதில் ஆகியவற்றைத் தேதியோடு ஒரே மின்னஞ்சலாக மேலாளருக்கும் அவருக்கு மேலுள்ளவருக்கும் அனுப்புங்கள். அதிலேயே "டேட்டா ஷீட்டின் முதல் எண்ணை வைத்துக் கணக்கிட்டேன், ஆய்வோடு கூடிய எண் 1.1 ஜிகாபிட்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பிறர் கண்டுபிடித்துச் சொல்வதைவிட நீங்களே சொல்வது நல்லது. பிடித்தம் உண்மையாகவே வந்தால், ஓசூரில் தெரிந்தவர்களைத் தேட வேண்டாம். வேலை செய்யும் இடம் பெங்களூரு என்பதால் கர்நாடகத் தொழிலாளர் துறையிடம்தான் போக வேண்டும். சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம் இரண்டையும் எடுத்துக்கொண்டு, பெங்களூருவில் உள்ள தொழிலாளர் சட்ட வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.